செங்காந்தள் வளர்க்கலாம் வா: அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, மல்லிகையும் செம்பருத்தியும் வைத்தாயிற்று, அடுத்து என்ன வைக்கலாம் என்று கேட்டாய் அல்லவா? செங்காந்தள் வை. மலைச்சரிவுப் புதர்களில் யாரும் எருப் போடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், மழை ஒன்றையே நம்பி வளர்கிற கொடி அது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை வரிசையாக அடுக்கும்போது முதலில் எடுத்து வைத்த பூ. முருகனுக்கு உரியது. இன்றைக்குத் தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் அதுதான்.

இவ்வளவு பெருமை இருந்தும் நம் வீடுகளில் அதைப் பார்ப்பது அபூர்வம். அதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, இது விஷச்செடி என்கிற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் கீழே முதல் டிப்ஸே அதைப் பற்றியது. இன்னொன்று, "நன்றாகத்தான் வந்தது, தை மாதம் காய்ந்து செத்துவிட்டது" என்று தொட்டியோடு தூக்கிக் கொட்டிவிடுவது. அந்தச் செடி சாகவில்லை. மேலே இருந்த கொடியை விட்டுவிட்டு மண்ணுக்குள் கிழங்காக உறங்கப் போயிருக்கிறது. மழைக்கு எழுவதும் கோடைக்கு உறங்குவதும்தான் அதன் வாழ்க்கைக் கணக்கு. அந்தக் கணக்குக்கு நீ ஒத்துப்போனால் போதும், வேறு பெரிய வித்தை எதுவும் வேண்டாம்.

1. நடுவதற்கு முன் வீட்டைப் பார்

செங்காந்தளின் கிழங்கு, தண்டு, இலை, பூ, விதை எல்லாவற்றிலும் கோல்ச்சிசின் என்னும் நச்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். கீல்வாதத்துக்கு டாக்டர்கள் மிகச் சிறிய அளவில் எழுதித் தரும் மாத்திரையில் இருப்பதும் இதே கோல்ச்சிசின்தான். தமிழ்நாட்டில் தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் விவசாயிகள் இதன் விதைக்காகவே ஏக்கர் கணக்கில் பயிர் செய்கிறார்கள். மருந்துக் கம்பெனியின் கையில் மருந்தாக இருப்பது வீட்டில் வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

அதனால் முதலில் உன்னையே கேட்டுக்கொள். வீட்டில் கண்டதை வாயில் வைக்கும் வயதில் குழந்தை இருக்கிறதா? மண்ணைத் தோண்டும் நாய்க்குட்டி இருக்கிறதா? தோட்டத்துக்குள் ஆடு மாடு நுழையுமா? இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் இரண்டு மூன்று வருஷம் பொறுத்துக்கொள். பிள்ளை வளரட்டும், பிறகு வைக்கலாம்.

வைப்பதென்று முடிவு செய்துவிட்டால், இந்த விதிகளில் எதையும் தளர்த்தாதே:

- சேனை, கருணை, சர்க்கரைவள்ளி, இஞ்சி, மஞ்சள் இருக்கும் பாத்தியில் இதை நடாதே. தரைக்கு மேலே கொடி இல்லாத மாதங்களில் கிழங்கோடு கிழங்காகச் சமையலறைக்கு வந்துவிடும். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்து நஞ்சேறிய சம்பவங்கள் இலங்கையில் உண்டு.
- தொட்டியின் மேல் "விஷக்கிழங்கு" என்று அழியாத மையில் எழுது. வீட்டு வேலைக்கு உதவ வருகிறவர், மாமியார், ஊரிலிருந்து வரும் அத்தை எல்லாருக்கும் வாயாலும் சொல்லிவை.
- கிழங்கைத் தொடும்போது கையுறை போடு. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. சமையல் கத்தியால் வெட்டாதே.
- யார் சொன்னாலும் கைவைத்தியத்துக்கு இதைப் பயன்படுத்தாதே. கண்வலிக்கிழங்கு என்று பெயர் இருக்கிறதே என்று அரைத்துப் பூசுவதோ, உரசிக் கொடுப்பதோ கூடவே கூடாது.
- யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதே. சில மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாமல் இருந்து, பிறகுதான் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். நீயாக வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடு. சாப்பிட்ட கிழங்கின் மிச்சத்தையும் செடியின் படத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

பயமுறுத்துவதற்காக இதை முதலில் சொல்லவில்லை. அரளியும் ஊமத்தையும் எத்தனையோ வீட்டு வாசலில் நிற்கின்றன. அவற்றைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதால் பத்திரமாக இருக்கிறோம். இதையும் அப்படித் தெரிந்து வளர்க்க வேண்டும்.

2. கிழங்கை விலைக்கு வாங்கு, காட்டில் தோண்டாதே

மலைக்குப் போன இடத்தில் பூவைப் பார்த்ததும் கை பரபரக்கும். வேண்டாம். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இந்தக் கொடி குறைந்துபோயிருக்கிறது. வனத்துறை நிலத்தில் தோண்டுவது குற்றமும்கூட. தவிர, பூத்துக் கொண்டிருக்கும்போது பிடுங்கிய செடி வீட்டுக்கு வந்து பிழைப்பதும் கஷ்டம்.

நர்சரியிலோ பயிர் செய்கிற விவசாயியிடமோ வாங்கு. செங்காந்தள் என்று கேட்டுத் தெரியவில்லை என்றால் கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று கேள். யாழ்ப்பாணப் பக்கம் கார்த்திகைப்பூ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். வைகாசி, ஆனி மாதங்களில் கிழங்கு கிடைக்கும்.

கிழங்கு இரண்டு விரலை விரித்தது போலக் கவைத்து இருக்கும். ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரு முளை உண்டு. வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த முளையைத்தான். கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளை ஒடிந்திருந்தால் அந்தக் கவை கிளம்பாது. அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று அமுங்கினாலோ, பூஞ்சணம் பூத்திருந்தாலோ வேண்டாம். 50 கிராமுக்குக் குறையாத கிழங்காக எடு. அதுதான் முதல் வருஷமே பூக்கும். சுண்டுவிரல் அளவுக் கிழங்கு இலை விட்டு, உடம்பைத் தேற்றிக்கொண்டு, அடுத்த வருஷம்தான் பூக்கும்.

பையில் மற்ற சாமான்களோடு போட்டுக் குலுக்கிக் கொண்டு வராதே. செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்று. முளை பத்திரம்.

3. மண் தண்ணீரைப் பிடித்து வைக்கக் கூடாது

மலைச்சரிவில் மழை எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். வேரடியில் ஈரம் இருக்கும், சேறு இருக்காது. இதை மட்டும் உன் தொட்டியில் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தச் செடி தாகத்தால் சாவதைவிடக் கிழங்கு அழுகிச் சாவதுதான் அதிகம்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு கலந்துகொள். ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் சேர். மணல் கிடைக்காத ஊரில், கழுவிய எம்-சாண்ட் போட்டாலும் சரிதான். தென்னை நார்க்கழிவை அதிகம் சேர்க்காதே, அடைமழையில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. களிமண் பூமியாக இருந்தால் தரையில் குழி போடாமல், ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி அதில் நடு.

தொட்டி குறைந்தது 12 அங்குல ஆழமும் 14 அங்குல அகலமும் இருக்கட்டும். கிழங்கு பக்கவாட்டில் நீளும் என்பதால் அகலம் முக்கியம். அடியில் நான்கைந்து துளை இருக்கிறதா பார். துளைமேல் ஓட்டுச்சில்லு வை. குரோ பேக்கும் நன்றாக உதவும். தொட்டியைத் தரையோடு ஒட்டி வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் வடிகால் தடைப்படாது.

4. நடும் காலமும் முறையும்

தமிழ்நாட்டில் ஜூன், ஜூலை நல்ல காலம், அதாவது வைகாசி கடைசியிலிருந்து ஆடி வரை. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற வழக்கம் இந்தக் கொடிக்கும் பொருந்தும்.

நடுவதற்கு முன் ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிர்ப் பொடியைக் கரைத்து, அதில் கிழங்கை அரை மணி நேரம் ஊற வை. பிறகு நிழலில் உலர்த்து. அழுகல் நோயைத் தடுக்க இதைவிட மலிவான காப்பு இல்லை.

கிழங்கைச் செங்குத்தாகச் செருகாதே. படுக்கை வாட்டத்தில் வைத்து, மேலே இரண்டு மூன்று அங்குலம் மண் மூடினால் போதும். ஒரு தொட்டிக்கு ஒரு கிழங்கு. தரையில் என்றால் கிழங்குக்குக் கிழங்கு ஓர் அடி இடைவெளி விடு.

நட்டதும் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் ஊற்று. அதன் பிறகு முளை வெளியே தெரியும்வரை மேல்மண் காய்ந்தால் மட்டும் லேசாகத் தெளி. முளை வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், சிலது ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். இந்த இடைவெளியில்தான் பொறுமை வேண்டும். வந்துவிட்டதா என்று மண்ணைக் கிளறிப் பார்க்காதே. கிளறுகிற விரல் முளையை ஒடித்துவிடும்.

5. மெல்லிய கொழுகொம்பு கொடு

இந்தக் கொடி ஏறும் விதமே தனி. வெற்றிலை மாதிரி வேர் விட்டு ஒட்டாது, அவரை மாதிரித் தண்டால் சுற்றாது. இதன் இலை நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறும். அந்த நுனிதான் எட்டிப் பிடித்து ஏறும். அந்த மெல்லிய நுனியால் பருத்த மூங்கிலைப் பிடிக்க முடியாது. பென்சிலைவிட மெல்லியதாக இருந்தால்தான் சுற்றிக்கொள்ளும்.

நான்கு பக்கமும் குச்சி நட்டு, இடையில் கட்டுக்கம்பியோ சணல் கயிறோ சாண் இடைவெளியில் குறுக்கே கட்டிவிடு. ஜன்னல் கம்பி வலை, மாடிக் கைப்பிடியில் கட்டிய நைலான் வலை இவையும் போதும். வேலி ஓரம் இருந்தால் இன்னும் நல்லது. வயல்களில் முன்பு கிளுவை வேலியில்தான் ஏற்றிவிடுவார்கள். புதரும் முள்ளும் சூழ வளர்வது இதற்குப் பிடித்த சூழல். ஆறேழு அடி உயரம் போகும் என்று கணக்குப் பண்ணிக் கட்டு.

கிழங்கு நடும் அன்றைக்கே கொழுகொம்பையும் போட்டுவிடு. பிறகு குச்சி சொருகினால் உள்ளே கிழங்கைக் குத்திவிடும். கொடி ஏறத் தொடங்கியதும் அதை வளைத்துக் கட்டவும் வேண்டாம். தண்டு மளுக்கென்று ஒடியும். நுனி ஒடிந்தால் அந்த வருஷப் பூவில் பெரும்பகுதி போனது.

6. வெயில், தண்ணீர், உரம்

அடி நிழலில், தலை வெயிலில் இருப்பது இதற்குச் சுகம். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் கிடைத்தால் போதும். மாடியில் வெயில் கடுமையாக இருந்தால் தொட்டியைச் சுற்றி மற்றத் தொட்டிகளை நெருக்கி வை. மண்மேல் காய்ந்த இலைச் சருகைப் பரப்பு. வேர்ப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும்.

கொடி வளரும் மாதங்களில் விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார். காய்ந்திருந்தால் ஊற்று, ஈரம் இருந்தால் விட்டுவிடு. ஐப்பசி அடைமழை நாட்களில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தி வைப்பது நல்லது. மொட்டு வைத்தபின் மட்டும் மண்ணை முழுக்கக் காயவிடாதே, மொட்டு உதிரும்.

உரத்தில் கை நீளம் வேண்டாம். மலையில் யாரும் இதற்கு விருந்து வைக்கவில்லை. நடும்போது கலந்த உரத்தோடு, கொடி முழங்கால் உயரம் வந்ததும் ஒரு கைப்பிடி மண்புழு உரம், மொட்டு வைக்கும்போது இன்னொரு கைப்பிடி. அவ்வளவுதான். யூரியா போட்டால் இலை தளதளவென்று வரும், பூ குறையும், தண்டு இளகிப் புழுவுக்கு விருந்தாகும்.

7. புழுவையும் அழுகலையும் கவனி

ஆடுமாட்டுக்கு விஷமான இந்த இலையைக் கூசாமல் தின்னும் புழு ஒன்று உண்டு. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் செம்மஞ்சள் திட்டும் இருக்கும். ஓர் அந்துப்பூச்சியின் புழு அது. கூட்டமாக வந்தால் சில நாளில் கொடியை மொட்டையாக்கிவிடும். லில்லிச் செடிகளையும் தின்னும். அதனால் பக்கத்தில் லில்லித் தொட்டி இருந்தால் அதையும் சோதி. காலையில் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார். கையுறை போட்டுப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடு. அதிகமாக இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளி. வாரம் ஒரு முறை வீதம் மூன்று வாரம் தெளித்தால் கட்டுப்படும்.

இலையில் பழுப்பு வட்டங்கள் விழுந்து பரவினால் அது கருகல் நோய். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்து. இலைமேல் படும்படி ஊற்றாமல் வேரடியில் மட்டும் தண்ணீர் விடு. கொடி திடீரென்று அடியிலிருந்து மஞ்சளாகித் துவண்டால் கிழங்கு அழுகத் தொடங்கியிருக்கலாம். தண்ணீரை நிறுத்து, வடிகால் அடைத்திருக்கிறதா பார், டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி ஒரு மேசைக்கரண்டியை மண்புழு உரத்தில் கலந்து வேரடியில் இடு.

8. பூவைப் பார், காயைக் கிள்ளு

முளை வந்து இரண்டு மாதம் போல ஆனதும் மொட்டுத் தெரியும். புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை பூக்கும். மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கி எழும், ஓரமெல்லாம் நெளிநெளியாக. முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடி மஞ்சளும் நுனி சிவப்பும், கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே பூ ஒரு வாரத்துக்கு மேல் நின்று நாளுக்கு ஒரு நிறம் காட்டும். அதனால் பறிக்க அவசரப்படாதே. கொடியில் விட்டுப் பார்ப்பதுதான் அழகு. ஜாடியில் வைக்க ஆசையிருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வை. மகரந்தம் துணியில் பட்டால் கறையாகும்.

சூலகத்திலிருந்து சூல்தண்டு நேராக நீளாமல், செங்கோணத்தில் மடங்கி வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மகரந்தத்தை விட்டு அது விலகி நிற்பதால், தானாகக் காய் பிடிப்பது குறைவு. விவசாயிகள் காலை வேளையில் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்ப்பது இதனால்தான். விதை உனக்குத் தேவையில்லை. அதனால் அந்த வேலை வேண்டாம். தேனீயும் பட்டாம்பூச்சியும் வந்து காய் பிடித்தாலும், பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடு. முற்றி வெடித்த காய்க்குள் விதைகள் சிவப்பு மணிகளாக மின்னும். குழந்தையின் கையை இழுப்பது அந்தச் சிவப்புதான். தவிர, கிள்ளிவிட்டால் காய்க்குப் போகிற சத்து கிழங்குக்குப் போகும்.

9. மஞ்சளானால் தண்ணீரை நிறுத்து

எல்லாவற்றிலும் முக்கியமான டிப்ஸ் இதுதான் தங்கச்சி. மார்கழி, தையில் இலை மஞ்சளாகும். பதறிப்போய் உரம் போடாதே, தண்ணீர் கூட்டாதே. செடி தன் சத்தையெல்லாம் கீழே புதுக் கிழங்கில் சேமித்துக்கொண்டிருக்கிறது. நீ நட்ட பழைய கிழங்கு இந்நேரம் வற்றிச் சுருங்கியிருக்கும். அதற்குப் பதிலாகப் புதுக் கிழங்கு உருவாகியிருக்கும். பச்சை இருக்கும்வரை கொடியை வெட்டாதே. முழுக்கக் காய்ந்து, லேசாக இழுத்தால் கையோடு வரும்போது எடுத்துவிடு. அதையும் ஆடு மாடு மேயாத இடத்தில் குழி தோண்டிப் புதை.

அதற்குப் பிறகு வைகாசி வரை உறக்கக் காலம். தொட்டியை மழை படாத, நிழலான மூலையில் வை. ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். "வெறும் தொட்டிதானே" என்று அதில் வேறு செடி நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினால் உள்ளே கிழங்கு அழுகும். தரையில் நட்டிருந்தால் அந்த இடத்தில் நான்கு குச்சி நட்டு அடையாளம் வை, யாரும் கொத்திவிடக் கூடாது.

குளிர் நாட்டில் இருப்பவர்களும் வளர்க்கலாம். டொராண்டோவிலோ லண்டனிலோ இருந்தால் தொட்டியில்தான் வைக்க வேண்டும். பங்குனி வாக்கில் வீட்டுக்குள் சூடான இடத்தில் நட்டு, உறைபனி முற்றிலும் விலகியதும் வெளியே வைத்தால் கோடையில் பூக்கும். இலையுதிர் காலத்தில் கொடி காய்ந்ததும் உள்ளே கொண்டுவந்து, உறையாத, ஈரமில்லாத இடத்தில் உறங்க விட வேண்டும்.

10. பெருக்குவதும் பகிர்வதும்

இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சித்திரை கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் புது மண் மாற்று. கவைகள் பெரிதாக இருந்தால் நடுவில் பிரித்து இரண்டு செடியாக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் முளை இருக்கிறதா என்று பார்த்துப் பிரி. வெட்டிய இடத்தில் சூடோமோனாஸ் பொடியைத் தடவி இரண்டு நாள் நிழலில் ஆறவிடு. விதை போட்டு வளர்ப்பது நீண்ட வேலை. முளைக்கவே மாதங்கள் ஆகும், பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகிவிடும்.

மாதக் கணக்கு, ஒரே பார்வையில்

- வைகாசி, ஆனி: கிழங்கு வாங்குவது, மண் கலப்பது, நடுவது
- ஆடி, ஆவணி: முளை, கொடி ஏறுவது, புழுவைக் கவனிப்பது
- புரட்டாசி முதல் கார்த்திகை வரை: பூ, அடைமழையில் வடிகால், பச்சைக் காயைக் கிள்ளுவது
- மார்கழி, தை: மஞ்சளாவது; தண்ணீரைக் குறைத்து நிறுத்துவது
- மாசி முதல் சித்திரை வரை: உறக்கம்; சித்திரை கடைசியில் மண் மாற்றும் வருஷம் தவிர, தொடவே வேண்டாம்

இந்த வருஷம் ஒரே ஒரு தொட்டி வை. அதன் எழுச்சியையும் உறக்கத்தையும் ஒரு சுற்று பார்த்துவிட்டால் அடுத்த வருஷம் உனக்கு யாருடைய டிப்ஸும் தேவைப்படாது. நாம் வீட்டில் பெருக்கிப் பகிர்ந்துகொள்ளும் ஒவ்வொரு கிழங்கும் மலையில் தோண்டப்படாத ஒரு கிழங்கு. அதனால் பெருகியதும் அக்கம்பக்கம் தாராளமாகக் கொடு. ஆனால் யார் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள். கிழங்கை நீட்டுகிற அதே நிமிஷத்தில், அது விஷம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக் கொடு.